குமிழின் நடுவே ஒரு துளை

நம் வயதினர் நால்வர் கூடினால் இப்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. பேரனோ பேத்தியோ படுக்கையறைக்குள் புகுந்து பூட்டிக்கொண்டுவிட்டது, உள்ளே அழுகிறது, வெளியே நாம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறோம், எப்படித் திறப்பது? என்னிடம் கேட்டீர்கள், சொல்கிறேன். குமிழின் நடுவே சிறு துளை இருந்தால், ஒரு கொண்டை ஊசியை நிமிர்த்தி நேராக உள்ளே செலுத்துங்கள். ஓரிடத்தில் முட்டும். அங்கே மெல்ல அழுத்தினால், உட்புறப் பொத்தான் துள்ளி விடுபடும் ஓசை கேட்கும். துளைக்குப் பதிலாகக் கீறல் இருந்தால் நாணயத்தின் விளிம்பு போதும், வைத்துத் திருப்புங்கள். இரண்டும் இல்லையென்றால், வளையக்கூடிய அட்டை ஒன்றைக் கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே செருகி, பூட்டின் நாக்கை உள்ளே தள்ளிப் பாருங்கள். எது செய்வதானாலும் முதலில் கதவைத் தட்டுங்கள்.

இதையெல்லாம் நான் எங்கே கற்றேன் என்றும் கேட்டீர்கள். அதற்கு விடை சற்று நீளம்.

என் தந்தைக்கு வெளியூரில் வேலை. கோடை விடுமுறையானால் என்னைக் கடலூரில் பெரியப்பா வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள். பெரியப்பா கட்டட ஒப்பந்தக்காரர். மஞ்சக்குப்பத்தில் அவர் தமக்கெனக் கட்டிக்கொண்ட மாடி வீட்டில் பெரியம்மாவும், பெரியப்பாவின் கடைசித் தம்பியான என் சித்தப்பாவும் இருந்தார்கள். பெரியவர்களுக்குப் பிள்ளையில்லை. எனவே விடுமுறையில் அந்த வீட்டின் ஒரே குழந்தை நான்.

பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த ஒருவர், வெளிநாட்டில் உழைத்தவர், பெரியப்பாவிடம் வீடு கட்டித் தரச் சொல்லியிருந்தார். வீடு முடிந்த மகிழ்ச்சியில் அவர் உருண்டைப் பூட்டுகள் சிலவற்றைப் பரிசாகக் கொண்டுவந்து தந்தார். பொன்னிறம், உள்ளங்கைக்குள் அடங்கும் பெரிய எலுமிச்சை போன்ற குமிழ். "இந்தப் பக்கம் எங்கியும் கெடைக்காது மாமா. உள்ள பொத்தான அமுக்குனா பூட்டிக்கும். புள்ளைங்க உள்ள மாட்டிக்கிச்சின்னா பயப்படாதீங்க. வெளிய இந்த ஓட்டையில ஒரு கம்பிய உட்டா தொறந்துக்கும்" என்று அவர் சொன்னதைப் பெரியப்பா வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் அதே குரலில் ஒப்பித்துக் காட்டுவார், எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

அந்தப் பூட்டுகள் படுக்கையறைக் கதவுகளில் ஏறின, ஏறியதோடு சரி. பகலில் படுக்கையறைக் கதவைச் சாத்தும் வழக்கமே அந்த வீட்டில் இல்லை. திரைச்சீலை போதும் என்பது பெரியம்மாவின் முடிவு. ஆகவே பூட்டு ஒரு வேடிக்கைப் பொருளாயிற்று. விருந்தினர் வந்தால் பெரியப்பா என்னைச் சித்தப்பாவின் அறைக்குள் அனுப்பிப் பொத்தானை அமுக்கச் சொல்வார். வெளியே ஒவ்வொருவராகக் குமிழைத் திருகிப் பார்த்துத் தோற்பார்கள். பிறகு அவர் பெரியம்மாவின் கொண்டையிலிருந்து ஊசியை உருவி, மந்திரவாதியைப் போலக் கையை ஒருமுறை சுழற்றி, துளையில் விடுவார். கதவு திறக்கும். நான் கையை விரித்துக்கொண்டு வெளியே வருவேன். கைதட்டுவார்கள். கடலூரிலிருந்து புவனகிரி வரைக்கும் எங்கள் உறவினர் அனைவருக்கும் அந்தப் பூட்டு பூட்டாது என்பது தெரியும்.

தைமாதம் சித்தப்பாவுக்குத் திருமணமாயிற்று. சித்தப்பாவின் அறை புதுமணத் தம்பதியரின் அறையாகிவிட்டதால் வேடிக்கை நின்றது. சிதம்பரத்திலிருந்து வந்த சித்திக்கு அந்தத் துளை எதற்கென்று யாரும் சொல்லவில்லை. மறைக்க வேண்டுமென்று அப்போது எவரும் எண்ணவில்லை; சொல்ல வேண்டுமென்றும் எவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த கோடையில் நான் போனபோதுதான் சித்தியை அருகிருந்து பார்த்தேன். நெடிய உருவம். கடற்காற்று நின்றுபோய் மண்டை பிளக்கும் பகலிலும் முழங்கை மறையும் ரவிக்கையும், கழுத்தெலும்பு தெரியாத சேலைக்கட்டுமாக இருப்பார். வலக் கணுக்காலில் மட்டும் ஒரு வெளிறிய தழும்பு உண்டு. பெண் பார்க்கப் போன அன்றே பெரியம்மா அதைக் கண்டு கேட்டதாகவும், சித்தியின் தாயார், "தாய்மாமன் தோப்புல முந்திரிக்கொட்ட ஒடைக்கிறப்போ பால் பட்டுடுச்சி" என்று சொன்னதாகவும் பின்னர் ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். நம் பக்கத்தில் அந்த விடையை ஐயுறுபவர் இல்லை. முந்திரிக்கொட்டையின் பால் தோலைத் தின்றுவிடும். அந்தக் கோடையில் என் விரல்நுனிகளும் அப்படித்தான் உரிந்து கிடந்தன. உடம்பில் வெளிறிய வடு இருந்தால் முந்திரி என்று எடுத்துக்கொள்வது எங்கள் ஊரின் இயல்பு.

நாள்தோறும் காலையில் சமையல் ஒருவாறு முடிந்து, வெயில் கிழக்குச் சன்னலில் நேராக இறங்கும் வேளையில், சித்தி தம் அறைக்குள் சென்று கதவைச் சாத்தி, பொத்தானை அமுக்கிவிடுவார். அந்தச் சிறு ஓசை கூடம் வரை கேட்கும். கேட்டதும் பெரியம்மாவின் கை அரிவாள்மணையில் ஒரு கணம் நிற்கும்.

"பட்டப்பகல்ல கதவச் சாத்திக்கிட்டு ஒரு பொம்பளைக்கு உள்ள இன்னா வேல?"

"தூங்குறாங்களோ என்னமோ" என்பேன் நான்.

"குட்டி போடறாளோ என்னமோ" என்பார் பெரியம்மா.

ஒருநாள் உணவு வேளையில், சித்தி பரிமாறிக்கொண்டிருக்கும்போதே பேச்சு இலைக்கு வந்துவிட்டது. பெரியப்பா சோற்றைப் பிசைந்தபடியே, "சிதம்பரத்துல ரகசியம் ஒண்ணு இருக்குதுன்னு சொல்லுவாங்கல்ல, அத இங்க தூக்கியாந்துட்டா போலருக்கு" என்றார். பெரியம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தார். சித்தப்பாவும் சிரித்தார். சிரித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து" என்றார். கதவு எதற்காகச் சாத்தப்படுகிறது என்பது அந்தக் கூடத்தில் சித்தியைத் தவிர அவர் ஒருவருக்குத்தான் தெரியும். இதை நான் பின்னால்தான் அறிந்தேன். அந்தச் சிரிப்பின் ஓசை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. நல்ல, வாய்விட்ட சிரிப்பு.

அதற்கு மறுநாள் பெரியம்மா ஊசியை எடுத்தார். எனக்குக் கண்ணைக் காட்டி, உதட்டில் விரலை வைத்து, ஓசையின்றிப் போய்த் துளையில் விட்டார். கதவு திறந்தது. அறையின் குறுக்கே ஓர் இரும்பு அலமாரி நிற்கும்; சன்னல் அதற்கு அப்பால். அலமாரிக்குப் பின்னாலிருந்து சேலையைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு சித்தி எழுந்து வந்தார். முகம் சாம்பலாகியிருந்தது.

"அக்கா... நான் பூட்டலியா?"

"எங்க பூட்டுன? தள்ளுனேன், தொறந்துக்கிச்சி. தேங்காத் துருவி எங்க வெச்சன்னு கேக்க வந்தேன்."

"பூட்டுன மாரிதான் இருந்துச்சி."

"இந்த வயசுலியே மறதி ஜாஸ்தியாப் போச்சே ஒனக்கு!"

சமையலறைக்குத் திரும்பியதும் பெரியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஏனென்று தெரியாத குழந்தையின் சிரிப்பு. அன்றிலிருந்து அது வீட்டின் விளையாட்டாயிற்று. தோன்றியபோதெல்லாம் திறப்பார். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பாத்திரத்தைக் காணோம். ஒவ்வொரு முறையும் சித்தி, "பூட்டுனேனே அக்கா" என்பார்; அடுத்தடுத்து அந்தச் சொல்லும் போய், "மறந்துட்டேன் போல" என்று தாமே மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். பூட்டிய பிறகு குமிழைப் பிடித்து உலுக்கிப் பார்க்கும் ஓசை கேட்கும். சற்றுப் பொறுத்து மறுபடியும் உலுக்குவார். அடுப்பில் எண்ணெய் வைத்தோமா, விளக்கை அணைத்தோமா, குழாயை மூடினோமா என்று வீடெங்கும் அலைந்து சரிபார்ப்பார். "இவளுக்குக் கொஞ்சம் மண்ட சரியில்ல" என்று பெரியம்மா அண்டை வீட்டுக்காரியிடம் சொல்லி வைத்தார். அதையும் விளையாட்டாகத்தான் சொன்னார்.

ஒருநாள் காலையில் சித்தி மாடிப்படியில் என் அருகே வந்து அமர்ந்தார்.

"பாப்பா, எனக்கு என்னமோ ஆவுது. செஞ்சது செய்யாததெல்லாம் கொழம்புது. பூட்டுனது எனக்கு நல்லா நெனப்பு இருக்கு. ஆனா தொறந்து கெடக்குது. எங்க வூட்டுல சொன்னா பயந்துடுவாங்க."

"பெரியம்மா ஊசியால தொறக்குறாங்க சித்தி" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. அறைக்கு அழைத்துப் போய், அவரை உள்ளே பூட்டிக்கொள்ளச் சொல்லி, நான் வெளியிலிருந்து அவருடைய ஊசியாலேயே திறந்து காட்டினேன். கையை விரித்துக்கொண்டு நின்றேன், பழைய பழக்கத்தில். சித்தி முதலில் சிரித்தார். தமக்குப் பித்துப் பிடிக்கவில்லை என்று தெரிந்த சிரிப்பு அது. பிறகு மெல்லக் கட்டிலில் அமர்ந்தார்.

"எல்லாருக்கும் தெரியுமா இது?"

"எல்லாருக்கும் தெரியும்."

"உங்க சித்தப்பாவுக்கு?"

"அவரோட ரூம்லதான் சித்தி நாங்க எப்பவும் தொறந்து காட்டுவோம்."

சித்தி எழுந்து பூட்டின்மேல் ஒரு துண்டைச் சுற்றினார், அதனால் ஏதோ ஆகிவிடும் என்பதுபோல. அலமாரிக்குப் பின்னால் என்னை அழைத்துச் சென்றார். முதுகைக் காட்டி அமர்ந்து சேலையைத் தளர்த்தினார். "பயப்படாத. ஒட்டிக்காது" என்றார்.

தோள்பட்டைகளின்மீதும் முதுகின் நடுவிலும் வெண்மை இருந்தது; மேல்தோல் உரித்த பலாக்கொட்டையின் வெண்மை. எனக்கு அச்சம் தோன்றவில்லை. அது எங்கே முடிகிறது என்று விரலால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன். தொடுகைக்கு எல்லாம் ஒரே தோலாகத்தான் இருந்தது, சற்றுச் சூடாக. கிண்ணத்தில் கார்போகரிசியை அரைத்த விழுது இருந்தது. குளியல் பொடியில் சேர்ப்பார்களே, அந்தக் கசந்த மணம். அதைப் பூசிக்கொண்டு இளவெயிலில் அமர வேண்டுமாம்.

"முதுவுக்கு எனக்குக் கை எட்டாது. உங்க சித்தப்பாதான் அரச்சுத் தடவிட்டு வேலைக்குப் போவாரு. இன்னிக்கு பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சின்னு ஓடிட்டாரு. நீ தடவுறியா?"

தடவினேன்.

"ஒரு வருசத்துல மறஞ்சிடும்னு வைத்தியரு சொல்லியிருக்காரு. அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம், கதவப் பூட்டிக்கோன்னு உங்க சித்தப்பாதான் சொன்னாரு. மறஞ்சிட்டா அப்புறம் என்னா, இந்த வூட்டுலியே இருந்துடலாம்ல?"

அந்தக் கேள்விக்கு நான் தலையாட்டினேன். அவர் வேண்டியது அவ்வளவுதான்: அந்த வீட்டில் இருப்பது.

மறுநாள் சித்தி மெழுகுவத்தியை உருக்கிக் குமிழின் துளையை அடைத்தார். மின்சாரம் நின்றுபோகும் இரவுகளுக்காக வைத்திருந்த மெழுகுவத்தி. யாரும் பாராத நேரத்தில் செய்து, வழிந்ததை நகத்தால் சுரண்டித் துடைத்தும் விட்டார். நேர்மையாகத் தம் கதவைக் காத்துக்கொள்ள நினைத்தவர் செய்யக்கூடிய மிக எளிய செயல். அதுதான் அவரைக் கெடுத்தது.

ஏனெனில், திறக்கக்கூடிய கதவுக்குப் பின்னால் சோம்பலும் தூக்கமும்தான் இருக்க முடியும். திறக்க முடியாதபடி அடைத்த கதவுக்குப் பின்னால் என்னென்னவோ இருக்கலாம். பெரியம்மாவின் ஊசி துளையில் இறங்காமல் வளைந்தபோது அவர் முகத்தில் விளையாட்டு மறைந்ததைப் பார்த்தேன். நகத்தால் கீறி முகர்ந்தார். பெரியப்பா வந்ததும் சொன்னார்.

"ஓட்டைய அடச்சி வெச்சிருக்கா."

"எந்த ஓட்டைய?"

"உங்க பூட்டு ஓட்டைய."

பெரியப்பா போய்ப் பார்த்தார். "பாரின் பூட்டு! இன்னா விலைன்னு தெரியுமா அவளுக்கு?" என்பதே அவர் முதலில் சொன்னது. உள்ளே யாரையோ வைத்திருக்கிறாள், நகையைக் கழற்றிப் பிறந்தகத்துக்கு அனுப்புகிறாள், பில்லி வைக்கிறாள் என்று ஐயங்கள் வரிசையாக வந்தன. சன்னலுக்குக் கம்பி இருந்தது. நகை கழுத்தில் இருந்தது. அவற்றை எண்ணிப் பார்க்க எவருக்கும் பொறுமையில்லை. சித்தப்பா அப்போதும் அங்கேதான் இருந்தார். "கேட்டுப் பாக்கறேன் அண்ணி" என்றார். கேட்டாரா என்று தெரியாது. மெழுகு அப்படியே இருந்தது.

அந்த வாரமே புவனகிரியிலிருந்து அத்தை வந்தார். பெரியப்பாவுக்கு இளையவர், சித்தப்பாவுக்கு மூத்த அக்காள். வந்து காலைக் கழுவிய ஈரம் காயுமுன் பெரியம்மா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். உள்ளே பொத்தானின் ஓசை கேட்டது.

"தோ, இப்பதான் பூட்டிக்கிறா. வா, ராணியம்மாவ எழுப்புவோம்" என்றார் பெரியம்மா.

ஊசியை இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டினார். நுனி சிவந்தது. அதை ஏந்திக்கொண்டு முன்னே அவரும், பின்னே அத்தையும் நடந்தார்கள். நான் அத்தையின் சேலையைப் பிடித்து இழுத்தேன், கையைத் தட்டிவிட்டார். துளையில் ஊசி இறங்கியதும் மெழுகு சிணுங்கி உருகியது. குமிழின் வளைவில் வெண்துளியாக வழிந்து, கோயில் விளக்கை ஊதியணைத்தபின் எழும் நாற்றம் கூடமெங்கும் பரவியது. பொத்தான் துள்ளியது. இந்த முறை பெரியம்மா வாயிலில் நிற்கவில்லை. இருவரும் நேராக அலமாரியைச் சுற்றி ஓடினார்கள்.

சித்தி அன்று போர்த்திக்கொள்ளவில்லை. துளை அடைபட்டிருக்கிறது என்ற நம்பிக்கையில், முதுகு முழுவதையும் வெயிலுக்குக் கொடுத்து, முழங்காலில் தலையைச் சாய்த்து, அரைத்தூக்கத்தில் இருந்தார்.

"ஐயையோ, குஷ்டம்!" என்று அத்தை கூவியது தெருவுக்குக் கேட்டது.

அது குட்டமன்று, தொற்றுவதுமன்று, தோலில் நிறம் குறைந்துபோகும் வெண்புள்ளி. இன்று தோல் மருத்துவர் எவரைக் கேட்டாலும் புன்னகையோடு சொல்வார். கடலூரில் அன்றும் மருத்துவர்கள் இருந்தார்கள். கேட்க வேண்டுமென்று தோன்றவில்லை. பெயர் தெரிந்துவிட்டதாக அவர்கள் எண்ணிக்கொண்டார்கள்.

சித்தியைக் கொல்லைப்புறத்தில் துவைக்கும் கல்லருகே நிறுத்தினார்கள். ஒரு தட்டும் ஒரு குவளையும் அவருக்கென்று வெளியே வந்தன. படுக்கை விரிப்புகள் தென்னையடியில் எரிந்தன. கதவுக் குமிழைப் பினாயில் ஊற்றித் துடைத்தார்கள். "நானும் தொட்டேன், எனக்கு ஒண்ணும் ஆவல" என்று நான் சொன்னதே என் பிழை. பெரியம்மா என் இரு கைகளையும் சுடுநீரில் அமிழ்த்தி, சலவைச் சோடாவைப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தார். முந்திரியில் உரிந்த விரல்கள், குருதி கசிந்தது. பிறகு மண்ணெண்ணெய். நான் அலறியபோது கல்லருகிலிருந்து சித்தி, "அக்கா, கொழந்தைய உட்டுடுங்க அக்கா" என்று ஓர் அடி முன்னால் வந்தார். அத்தை விறகுக் கட்டையை எடுத்தார். சித்தி மீண்டும் கல்லருகே போய்விட்டார்.

மாலையில் சித்தப்பா வந்தார். வாயிற்படியிலேயே செய்தி அவரை எதிர்கொண்டது. பெரியப்பா சாய்வு நாற்காலியில் அமர்ந்து கேட்டார்.

"தம்பி, ஒனக்குத் தெரியுமாடா?"

சித்தப்பா கொல்லைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "எனக்கு எப்படிண்ணே தெரியும்? வெளக்கணச்ச பொறவு யாரு ஒடம்ப யாரு பாக்கறாங்க?" என்றார். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

"சித்தப்பாதான் தெனம் மருந்து அரைப்பாரு! முதுவுல தடவுவாரு!" என்று நான் கத்தினேன். கைகள் இரண்டிலும் துணி சுற்றியிருந்தது.

எல்லோரும் என் சொல்லை நம்பினார்கள் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. பெரியம்மா சித்தப்பாவின் விரல்களைப் பார்த்தார். அவற்றின் ஓரங்களில் விழுதின் கறை எப்போதும் இருக்கும். சித்தப்பா கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"கொழந்த ஏதோ ஒளறுது" என்றார் சித்தப்பா.

கொல்லை வாயிலிலிருந்து சித்தியின் குரல் வந்தது. அமைதியான, தெளிந்த குரல்.

"ஆமாங்க. கொழந்த ஒளறுது. அவருக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் மறச்சேன்."

பெரியப்பா மூச்சை விட்டார். அதன்பின் எல்லாம் எளிதாயிற்று. மறுநாள் காலையில் சித்தியைச் சிதம்பரத்துக்கு அனுப்ப வாடகைக் காருக்குச் சொல்லியனுப்பினார்கள். காருக்காகக் காத்திருக்கையில் நான் கொல்லைக்குப் போனேன். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். சித்தி தொலைவிலேயே நின்று தணிந்த குரலில் பேசினார்.

"பெரியவங்க முன்னாடி அவரக் கொறச்சுக் காட்டக்கூடாது பாப்பா. இப்ப அவரு என்னா பண்ணுவாரு? கொஞ்ச நாளு போவட்டும். அவரே வந்து கூட்டிக்கினு வருவாரு. அதுக்கு வழி வெக்கணும்ல?"

எனக்கு அது நியாயமாகவே பட்டது. சித்தப்பா போவார், அழைத்து வருவார் என்று நானும் காத்திருந்தேன். கைகள் ஆறின. மாம்பழம் வந்து போயிற்று. பள்ளி திறக்கும் நாள் நெருங்கியபோது ஒரு காலைப்பொழுதில் மறுபடியும் கார் வந்து நின்றது. சித்தப்பா புதுச்சட்டை அணிந்து முன்னிருக்கையில் அமர்ந்தார். பின்னால் பெரியம்மாவும் அத்தையும். மூவராகப் போகக்கூடாது என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். பெரியப்பா வரவில்லை. "இது பொம்பளைங்க பாத்து முடிக்க வேண்டியது" என்றார்.

சித்தியை அழைத்துவரத்தான் போகிறோம் என்று சற்றுத் தொலைவு வரை நம்பியிருந்தேன். பேச்சு அதைக் கலைத்தது.

"மூத்தவளக் குடுத்து ஏமாத்துனாங்கல்ல? எளையவளக் குடுத்து ஈடு கட்டட்டும்" என்றார் அத்தை.

"இந்தவாட்டி மூஞ்சிய பாத்து ஏமாறமாட்டேன். முழுசா பாத்துட்டுதான் மத்த பேச்சு" என்றார் பெரியம்மா.

"அவுங்க ஒத்துக்கினாங்களா?"

"ஒத்துக்காம? ஒரு பொண்ணு திரும்பி வந்து குந்திக்கிச்சி. இன்னொண்ண எவன் கட்டுவான்?"

பாலத்தின்மேல் கார் போய்க்கொண்டிருந்தது. சித்தப்பா வெளியே எட்டிப் பார்த்து ஓட்டுநரிடம், "வெள்ளாத்துல தண்ணியே இல்ல போலருக்கே" என்றார்.

சிதம்பரத்தில் தேர்வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் அவர்கள் வீடு. குறுகி நீண்ட வீடு. கூடம், இருபுறமும் அறை, அப்பால் கிணற்றுக்குப் போகும் நடை. சித்தியின் தந்தை கைகூப்பிக் குனிந்து வரவேற்றார். நிமிரவே இல்லை. கேசரியும் காப்பியும் வந்தன. இளைய மகள், பள்ளியை விட்டு அதிக நாள் ஆகாதவர், தலைநிறையப் பூவோடு வந்து எல்லோரையும் வணங்கினார். காப்பியை முழுவதும் குடித்து முடித்த பெரியம்மா, "அப்ப பாத்துடலாமா?" என்று எழுந்தார். சித்தியின் தாயார் முன்னே நடக்க, பெரியம்மா, அத்தை, அந்தப் பெண் நால்வரும் இடப்பக்க அறைக்குள் போனார்கள். கதவு சாத்தப்பட்டது. கூடத்தில் தந்தை, சித்தப்பாவிடம் வெயிலைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

நான் கை கழுவுவதாகச் சொல்லி நடைக்குப் போனேன். அங்கே ஒரு கதவுக்கு வெளித்தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்ளே வளையல் அசைந்தது. பூட்டும் இல்லை, துளையும் இல்லை. எட்டி இழுத்தால் போதும். இழுத்தேன்.

அரிசி மூட்டைகளுக்கு நடுவே பெட்டியின்மேல் சித்தி அமர்ந்திருந்தார். மெலிந்திருந்தார்.

"யாரு... பாப்பாவா?" கையை நீட்டிவிட்டு உடனே பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "கை ஆறிடுச்சா?"

காட்டினேன்.

"யாரோட வந்த? இரு... கூடத்துல உங்க சித்தப்பா பேசற மாரி கேட்டுச்சி. எனக்குத்தான் அப்பிடித் தோணுதோன்னு இருந்தேன்."

"சித்தப்பாதான்."

அவர் எழுந்தார். முகம் முழுவதும் மாறிவிட்டது. கூந்தலை முன்னால் இழுத்து விரைந்து பின்னத் தொடங்கினார். "நான் சொன்னேன்ல, வருவாருன்னு! பாரு, அம்மா, தங்கச்சிய யாரோ பாக்க வராங்க, நீ வெளிய தல காட்டாதன்னு உள்ள வெச்சிட்டாங்க. இன்னிக்குன்னு பாத்து இவரு வந்திருக்காரு. அம்மாவுக்குத் தெரியாது போல. நல்ல பொடவையெல்லாம் இந்தப் பொட்டியிலதான் இருக்கு. நீல நெறத்தக் கட்டவா?"

"சித்தி" என்றேன், "பாக்க வந்ததே சித்தப்பாதான்."

பின்னலை அவர் விடவில்லை. ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று நுனிவரை முடித்தார். முடித்தபின் முனையைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"தங்கச்சி எங்க?"

"அந்த ரூம்ல. பெரியம்மாவும் அத்தையும் ஒடம்பப் பாக்கறாங்க."

"கூட அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க."

சித்தி மீண்டும் பெட்டியின்மேல் அமர்ந்தார். "அவளுக்கு ஒண்ணும் கெடையாது. சின்ன புள்ளையிலேருந்து நான்தான் குளுப்பாட்டுவேன். ஒரு மச்சங்கூட கெடையாது" என்றார். சற்று நேரம் கூடத்துப் பேச்சைக் கேட்டார். வெயில், பேருந்து, மாமரம். பிறகு என்னைப் பார்த்தார்.

"கதவச் சாத்திடு பாப்பா. தாழ்ப்பாளப் போட்டுடு."

"நீங்க வாங்க சித்தி. சித்தப்பாகிட்ட கேளுங்க."

"வந்தா, அவளும் இங்கதான் குந்திக்கணும்" என்றார். "போடு."

நான் போட்டேன். துருப்பிடித்த தாழ்ப்பாள், முழுவதும் உள்ளே போக இரண்டு கைகளும் வேண்டியிருந்தன.

கூடத்துக்குத் திரும்பியபோது அறைக்கதவு திறந்தது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு நேராகக் கொல்லைக்கு ஓடினார். பூவில் பாதி உதிர்ந்திருந்தது. அத்தை வாயிலில் நின்று, வீடு முழுவதும் கேட்கும் குரலில், "பொண்ணு சுத்தமா இருக்கா தம்பி. நல்லா பாத்துட்டோம்" என்றார்.

"வெயில் ஏர்றதுக்குள்ள கெளம்பிடலாம் அக்கா" என்றார் சித்தப்பா.

சித்தியின் தாயார் காலியான குவளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு நடைவழியே போனார். போகிற போக்கில் அந்தத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.